காரணம் எழுதாத ரத்து

"ஒரு திருடன் பார்க்க எப்படி இருப்பான்னு நினைக்கிற, கிறிஸ்டோ?" என்று துர்காதேவி மேடம் கேட்டபோது என் வாயில் பாதி இட்லி இருந்தது.

"பின்னால திரும்பிப் பாருங்க மேடம். கல்லாவுல உட்கார்ந்துக்கினு இருக்காரே, அப்படித்தான் இருப்பான். இந்தச் சட்னிக்கும் சேர்த்து பில் போடறாரு."

மேடம் சிரிக்கவில்லை. மேடம் சிரிக்காவிட்டால் அன்றைக்கு நிஜமாகவே வேலை செய்ய வேண்டியிருக்கும் என்று அர்த்தம். எங்கள் துப்பறியும் ஆபீஸுக்கு முக்கால்வாசி கல்யாண விசாரணைதான் வரும். மாப்பிள்ளை குடிப்பாரா, குடித்தால் எந்தக் கடையில் குடிப்பார், அவ்வளவுதான். இன்றைக்கு அப்படி இல்லை. கண்ணாடி வழியாக எதிர்ச் சாரியைக் காட்டினார் மேடம்.

மும்முடி பட்டு மாளிகை. அதன் வாசல் படியில் ஒரு மனுஷன் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயசு இருக்கும். சட்டைப் பை பாதி கிழிந்து தொங்கியது. அவர்தான் உமாபதி, அந்தக் கடையின் மூத்த சேல்ஸ்மேன். கடைக்குள் வரக்கூடாது, கடை மூடும் வரை வீட்டுக்கும் போகக்கூடாது, நாங்கள் வந்து விசாரிக்கும் வரை அங்கேயே இரு என்று முதலாளி உத்தரவு. மனுஷன் வெயில் நகர நகர தானும் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அந்த மூஞ்சியப் பார்த்தா திருடன் மாதிரியா இருக்குது?" என்றார் மேடம்.

"மூஞ்சிய வெச்சு சொல்றதா இருந்தா என்னை எப்பவோ உள்ள தள்ளியிருப்பாங்க மேடம்."

விஷயம் இதுதான். பிள்ளையார்பாளையத்தில் திருஞானசம்பந்தம் என்று ஒரு நெசவாளி. பட்டும் ஜரிகையும் மும்முடி கடை கொடுக்கும், அவர் வீட்டுத் தறியில் நெய்து கொடுப்பார். நெய்கிறவர் அவராக இருந்தாலும் புடவை கடைக்குத்தான் சொந்தம். அவருடைய இரண்டாவது பெண் ஏலவார்குழலிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தான் நெய்கிற அரக்குப் புடவையையே பெண்ணுக்கு முகூர்த்தப் புடவையாக எடுக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. அதற்கு அவரும் மற்ற வாடிக்கையாளர் மாதிரி கடையின் ஆப்பில் புக் பண்ணத்தான் வேண்டும். பண்ணினார்கள். நெய்து முடித்து, மடிப்புக்கும் பில்லுக்கும் புடவையைக் கடைக்கு அனுப்பினார். அது கடைக்கு வந்தபோது திரையில் அந்த ஆர்டர் சிவப்பில் நின்றது: ரத்து.

உமாபதி அதை எடுத்து சென்னைப் பார்ட்டி ஒன்றுக்குக் காட்டினார். பார்ட்டி கீழே வைக்கவே இல்லை, அப்படியே வாங்கிக்கொண்டு போய்விட்டது. பெண் வீட்டார் புடவை வாங்க வந்தபோது அதை வேறு யாரோ ஒரு மணப்பெண் உடுத்தி, தாலியும் ஏறியாகிவிட்டது. நாங்கள் ரத்தே பண்ணவில்லை என்று அவர்கள் கத்த, தெருவே திரண்டு வந்து உமாபதியின் சட்டையைப் பிடித்தது. விற்றவர் அவர்தானே! பதில் தெரிகிற வரைக்கும் மும்முடிக்கு ஒரு புடவையும் கொடுக்க மாட்டோம் என்று நெசவாளிகள் சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் போலீஸில் உமாபதி மேல் புகார் கொடுப்பதாக முதலாளி வரதராஜன் வாக்கு கொடுத்திருந்தார். அதற்கு முன்னால் துப்பறியும் ஆபீஸ் ஒன்று 'ஆமாம், இவர்தான்' என்று சொல்லிவிட்டால் அவருக்குத் திருப்தி. அதற்குத்தான் எங்களைக் கூப்பிட்டிருந்தார்.

நாங்கள் படியேறும்போது உமாபதி எழுந்து நின்றார்.

"அந்த வீட்டு ஆர்டரோட பாஸ்வேர்ட் உங்களுக்குத் தெரியுமா?" என்றார் மேடம்.

"தெரியும்மா. அவருக்கு இதெல்லாம் ஓடாது. நான்தான் உள்ள கம்ப்யூட்டர்ல வெச்சுக் குடுத்தேன். அப்புறம் அவங்க பெரிய பொண்ணு தன் போன்லயும் போட்டுக்கிச்சு."

நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் இருக்கிறதே! "பாஸ்வேர்டும் தெரியும், புடவையோட அழகும் தெரியும், சென்னைப் பார்ட்டியும் தெரியும். எனக்கே ஆசையா இருந்திருக்கும் சார்."

உமாபதி என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஆசையா இருந்தா வித்துடுவனா சார்? வூட்டுக்கு எடுத்துக்கினு போயிருக்க மாட்டேன்?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. மேடம் என் பக்கம் திரும்பாமலே, "வாங்கிக் கட்டிக்கினியா?" என்றார். பிறகு அவரிடம், "உங்க போனைக் காட்டுங்க" என்று கை நீட்டினார்.

பட்டன் போன். பின்மூடி விழாமல் இருக்க ரப்பர் பேண்ட் போட்டிருந்தார். மேடம் அதை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

உள்ளே வரதராஜன் எங்களுக்குப் பட்டுப் பாய் விரித்து வைத்திருந்தார். ஆள் நல்லவர்தான், ஆனால் நல்லவர் என்று ஊர் சொல்ல வேண்டும் என்கிற பயம் ஜாஸ்தி. "உள்ளாள் வேலைதாம்மா. சந்தேகமே வேணாம். ஆப்பே சொல்லுது பாருங்க" என்று கவுண்டர் கம்ப்யூட்டரைத் திருப்பினார். சிவப்பு எழுத்தில் ரத்து. அதன் கீழே 'காரணம்' என்று ஒரு கட்டம், உள்ளே ஒன்றும் இல்லை.

"காரணம் எழுதாம யாராலயும் ரத்து பண்ண முடியாதும்மா. ஆமாம்னு அமுக்கினா ஒரு பெட்டி வரும். ஏன்னு எழுதினாத்தான் மூடும். வாடிக்கைக்காரங்க எழுதுவாங்க. இதுல காலியா இருக்குதுன்னா உள்ள இருக்கறவன் விளையாடியிருக்கான்னுதானே அர்த்தம்?"

"உள்ள இருக்கறவனுக்கு மட்டும் அந்தப் பெட்டி வராதா?"

மேடம் என்னை அதே கம்ப்யூட்டரில் உட்கார வைத்தார். ஒரு பொய் ஆர்டர் போட்டு 'ரத்து'வை அமுக்கினேன். 'நிச்சயமாக ரத்து செய்யலாமா?' என்று ஒரு பெட்டி வந்து நின்றது. அதற்குப் பதில் சொல்லாமல் வேறெதையும் தொட முடியவில்லை, மவுஸ் கட்டை மாதிரி கிடந்தது. 'ஆமாம்' அமுக்கினேன். காரணம் கேட்டது. காலியாக விட்டு மூடப் பார்த்தேன். மூடவில்லை. புள்ளி வைத்தேன், ஏற்கவில்லை. 'சும்மா' என்று எழுதினேன், ஏற்றுக்கொண்டது.

"உங்க உள்ளாளுக்கும் இதே கதிதான் சார்," என்றேன். "உமாபதி இதுல ரத்து பண்ணியிருந்தா 'சும்மா'ன்னாவது எழுதியிருக்கணும்."

"அப்ப இத யாரு கட்டினாங்களோ அவங்களக் கூப்பிடுங்க," என்றார் மேடம்.

கட்டியவள் சங்கீதா. சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு மாடி அறையில் இரண்டு பேராக சாப்ட்வேர் கம்பெனி நடத்துகிறாள். ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, படியில் இருந்த உமாபதியைப் பார்க்காதது போலத் தாண்டி வந்தாள். அவள் பார்த்தாள் என்பதை நான் பார்த்தேன்.

"ஆப்ல தப்பு இருக்க சான்ஸே இல்ல மேடம். நான் முதல் நாளே சார்கிட்ட சொல்லிட்டேன். ஒரே புரோகிராம் கோடு. ஆண்ட்ராய்டு, ஐபோன், கம்ப்யூட்டர் மூணுலயும் அதுதான் ஓடும்."

"மூணு மாப்பிள்ளைக்கும் ஒரே பட்டு வேட்டி," என்றேன்.

"டெஸ்ட் பண்ணியா?" என்றார் மேடம்.

"நூறு தடவ பண்ணினேன் மேடம்."

"எதுல?"

"என் கம்ப்யூட்டர்ல. போன் ஆப் இந்த ஆடியிலதான் விட்டோம். ஆனா ஒரே கோடுதானே..." கடைசி வார்த்தையில் அவள் குரல் கொஞ்சம் இறங்கிற்று.

மேடம் என் பக்கம் திரும்பினார். "கிறிஸ்டோ, உன் போன்ல அந்த ஆப்ப ஏத்து. ஒரு புடவை புக் பண்ணு."

"எனக்கா மேடம்? இன்னும் பொண்ணே பார்க்கலியே."

"புக் பண்ணிட்டு ரத்து பண்ணு."

"பொண்ணையா, புடவையையா?"

ஏதோ ஒரு கிளிப்பச்சையைத் தேர்ந்தெடுத்தேன். புக் ஆயிற்று, பச்சை எழுத்தில் 'உறுதி' என்று வந்தது. 'ரத்து'வைத் தொட்டேன். அழகான பெட்டி, ஓரத்தில் மாங்காய் டிசைன் எல்லாம் போட்டிருந்தாள். 'நிச்சயமாக ரத்து செய்யலாமா?' கீழே இரண்டு பட்டன். ஆமாம். வேண்டாம். அந்த நேரம் பார்த்து டீக்கடைக்காரர் தட்டோடு வந்தார். வேலை எப்போதும் இருக்கும், சூடான டீ இருக்குமா? போனை இடது கைக்கு மாற்றிக்கொண்டு கிளாஸை எடுத்தேன்.

கவுண்டர் கம்ப்யூட்டர் 'டிங்' என்றது.

"ரத்து வந்துடுச்சு," என்றார் வரதராஜன்.

"யாருதுங்க?"

"உன்னுதுதாம்பா. கிளிப்பச்சை."

நான் போனைப் பார்த்தேன். பெட்டி அப்படியே நின்றுகொண்டிருந்தது. நான் ஆமாமும் சொல்லவில்லை, வேண்டாமும் சொல்லவில்லை. ஒரு கையில் போன், ஒரு கையில் டீ. "நான் இன்னும் பதிலே சொல்லலியே!" என்று கத்தினேன். டீ வேட்டியில் கொட்டியதுகூட அப்புறம்தான் தெரிந்தது.

சங்கீதா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். 'வேண்டாம்' அமுக்கினாள். பெட்டி மறைந்தது. என் போனில் ஆர்டர் இன்னும் பச்சையாகவே இருந்தது. கடைத் திரையில் சிவப்பு. காரணம் என்கிற கட்டம் காலி.

"இன்னொரு தடவ," என்றார் மேடம். "இப்ப ஆமாம் அமுக்கு."

இன்னொரு புடவை, இன்னொரு ரத்து. தொட்டதுமே 'டிங்'. அப்புறம் நான் 'ஆமாம்' அமுக்கினேன். உடனே காரணப் பெட்டி வந்து நின்றது. மேடம் "ம்" என்றார். எங்கள் மேடத்தின் 'ம்' எல்லோருக்கும் புரியாது. அது பூட்டு திறந்த சத்தம்.

சங்கீதா பாயில் உட்கார்ந்துவிட்டாள். "கம்ப்யூட்டர்ல இந்தக் கேள்விப் பெட்டி வந்தா மத்ததெல்லாம் தானா நின்னுடும் மேடம். பதில் சொன்னப்புறம்தான் அடுத்த வரி ஓடும். போன்ல அப்படி இல்ல. பெட்டிய மேல தொங்க விட்டுட்டு அடுத்த வரி பாட்டுக்கு ஓடிடும். பதில் வர்ற வரைக்கும் நில்லுன்னு நாமதான் சொல்லணும். அவெயிட்னு ஒரே ஒரு வார்த்தை. நான் அதப் போடல."

"அப்ப இவ்வளவு நாளா?" என்றார் வரதராஜன்.

"ரத்து பண்ண வந்தவங்க எல்லாரும் ஆமாம்னுதான் அமுக்கியிருப்பாங்க சார். அதனால யாருக்கும் தெரியல. வேண்டாம்னு சொல்றவங்களுக்காகத்தான் அந்தக் கேள்வியே வெச்சேன்." அவள் வாசல் பக்கம் பார்த்தாள். "உள்ளாள் யாரோதான்னு சொன்னதே நான்தான் மேடம். அந்த மனுஷன் ரெண்டு நாளா என்னைப் பார்த்து வணக்கம் வேற சொல்றாரு. சே, என்ன ஜென்மம் நான்!"

சட்டை கிழிந்த மனுஷனிடம் 'ஆசையா இருந்திருக்கும்' என்று சொன்னவன் நான்தானே. அவளை என்னவென்று சொல்வது?

வரதராஜன் மட்டும் விடவில்லை. "சரிம்மா. ஆப்பு காத்திருக்கல. ஆனா யாரோ முதல்ல தொட்டாத்தானே பெட்டியே வரும்? அது யாரு? தெரியாம நான் புகாரை நிறுத்தினா, ஆப்பு மேல பழியப் போட்டு ஆளக் காப்பாத்திட்டான்னு தெருவே பேசும்."

"போன்லேந்து தொட்டிருக்காங்க. உமாபதிகிட்ட இருக்கறது பட்டன் போன்," என்று மேடம் எழுந்தார். "வா கிறிஸ்டோ. டீ நல்லா இருந்துதா?"

"வேட்டியக் கேளுங்க மேடம்."

ஷேர் ஆட்டோவில் பிள்ளையார்பாளையம். திருஞானசம்பந்தம் பத்திரிகை கொடுக்கப் போயிருந்தார், சின்ன பெண்ணும் கூடப் போயிருந்தாள். பெரியவள் இந்திராணி தனியாகத் தறிக்குப் பக்கத்தில் பட்டு நூலைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். முப்பது தாண்டியிருக்கும். எங்களைப் பார்த்ததும் யார் என்று கேட்கவில்லை. நாற்காலி போட்டாள், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

நான் பேச்சை ஆரம்பித்தேன். சுலபமாக முடித்துவிடலாம் என்று எனக்கு எண்ணம். "ஒண்ணும் பயப்படாதீங்க. போன்ல எங்கியோ கை பட்டிருக்கும். நூல் சிக்கெடுக்கறப்ப பட்டிருக்கும். கை தவறிப் பட்டுதுன்னு சொல்லுங்க, போதும்."

"கை தவறல," என்றாள் இந்திராணி.

நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் புடவைக்குக் கரைப் பக்கம் உட்கார்ந்தது நான். குறுக்கு நூல் ஓட்டற நாடாவ அப்பா நடுவுல தள்ளுவாரு, நான் கரை நாடாவ தள்ளுவேன். அதுல ஒவ்வொரு இழையிலயும் என் கை பட்டிருக்குது. பார்க்க வர்றவங்க எல்லாம், 'நீ கட்ட வேண்டியத தங்கச்சிக்கு நெய்யறியாடி'ன்னு கேப்பாங்க. நான் சிரிச்சுக்கினே இருப்பேன். நிஜமாவே எனக்கு வருத்தம் இல்ல மேடம், நம்புங்க. அவ என் மடியில வளர்ந்தவ." அவள் நூலைக் கீழே வைத்தாள். "புடவை முடியற சமயம் ஒரு நாள் மாப்பிள்ளையோட அத்தை போன் பண்ணாங்க. ஸ்பீக்கர்ல இருந்துது. கல்யாணத்தன்னிக்கு பெரிய பொண்ணை மணவறைப் பக்கம் நிக்க வைக்காதீங்க, கண்ணு படும்னாங்க. அப்பா சரின்னாரு."

"சரின்னு மட்டும் சொன்னாரா?"

"சரிம்மான்னாரு." அவள் கண்ணைத் துடைத்தாள். "எனக்கு என்ன ஆச்சோ தெரியல. போனை எடுத்தேன். ரத்துன்னு இருந்துது. தொட்டேன். நிச்சயமாவான்னு கேட்டுது."

"நீ என்ன சொன்ன?"

"ஆமாம்னு அமுக்கிட்டேன்."

நான் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தேன். மேடம் மட்டும் கடைக்காரரிடம் தக்காளி விலை கேட்கிற மாதிரி கேட்டார். "அமுக்கினது ஞாபகம் இருக்குதா?"

"அதான் மேடம் பைத்தியம் பிடிக்குது. வேண்டாம்னு அமுக்கினதாத்தான் எனக்கு ஞாபகம். அமுக்கிட்டு, ஐயோ என்ன காரியம் பண்ணப் பார்த்தேன்னு போனைக் கடாசிட்டு அழுதேன். அப்புறம் பார்த்தப்ப பச்சையாத்தான் இருந்துது. அம்மாடின்னு இருந்தேன். கடைக்குப் போனா ரத்து ஆயிடுச்சுங்கறாங்க. அப்ப நான் ஆமாம்னுதானே அமுக்கியிருக்கேன்? மனசுல இருந்த அழுக்கு கைக்கு வந்துடுச்சு. நான் என்னை நானே ஏமாத்திக்கினு இருக்கேன்."

"அமுக்கினப்புறம் இன்னொரு பெட்டி வந்துதா?"

"என்ன பெட்டி?"

"ஏன் ரத்து பண்றீங்கன்னு காரணம் கேக்கற பெட்டி."

இந்திராணி யோசித்தாள். "இல்லியே. எதுவும் கேக்கல."

"ஆமாம்னு அமுக்கினவங்கள அது விடவே விடாதும்மா. காரணத்த வாங்கிக்கினுதான் மூடும். கிறிஸ்டோ புள்ளி வெச்சுக்கூட பார்த்துட்டான். உன் ரத்துல காரணம் காலி. அங்க காலியா இருக்கணும்னா ஒரே வழிதான் இருக்குது. நீ வேண்டாம்னுதான் அமுக்கின."

அவளுக்குப் புரியவில்லை. மேடம் தறியைக் காட்டினார். "கரை நாடாவ தள்ளிட்டு, அப்பாவோட நாடா வர்ற வரைக்கும் நிப்ப இல்ல? நிக்காம நீ பாட்டுக்குத் தள்ளினா என்ன ஆகும்?"

"கரை தனியாப் போயிடும். புடவை உடம்போட சேராது."

"அந்த ஆப்பு நிக்கல. உன்னைக் கேள்வி கேட்டுது. நீ பதில் சொல்றதுக்குள்ள காரியத்த முடிச்சிட்டுது. அப்புறம் உன் பதிலை வாங்கி ஓரமாப் போட்டுது. நீ மனசு மாறின. அதுக்குத்தான் அந்தக் கேள்வியே வெச்சிருந்தாங்க."

இந்திராணி தறி மேலேயே தலையை வைத்து அழுதாள். நானும் மூக்கை உறிஞ்சினேன், பட்டு நூல் தூசி என்று மேடத்திடம் சொன்னேன். இத்தனை நாளாக இந்தப் பெண் செய்யாத குற்றத்தைச் செய்ததாக நினைத்து வெந்துகொண்டிருந்திருக்கிறாள்!

"அவ்வளவுதான், கேஸ் முடிஞ்சுது," என்று நான் எழுந்தேன். "கை தவறிப் பட்டுது, ஆப்பு நிக்கல. முதலாளிக்கு அது போதும். இதுல யாரு மனசுல என்ன இருந்துதுன்னு யாருக்கும் தேவையில்ல. கல்யாண வூடு. என்ன மேடம்?"

மேடம் இந்திராணியைப் பார்த்தார். "உமாபதி வெளிய வர்றதுக்கு ஆப்பு போதும். அத நான் பார்த்துக்கறேன். மிச்சம் உன் இஷ்டம்மா. நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

இந்திராணி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நானும் கடைக்கு வர்றேன்," என்றாள். "அப்பாவையும் வரச் சொல்றேன்."

சாயங்காலம் கடையில் கூட்டம். பிள்ளையார்பாளையத்தில் பாதித் தெரு வந்திருந்தது. மேடம் அதிகம் பேசவில்லை. என் போனிலேயே எல்லோருக்கும் செய்து காட்டினார். 'ரத்து'வைத் தொட்டு போனைப் பாயில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். யாரும் பதில் அமுக்காமலே 'டிங்' அடித்ததும் கூட்டம் "அடப்பாவி!" என்றது.

"போன்ல கை தவறிப் பட்டாக்கூட ஆர்டர் போயிடும். அந்த வூட்டு போன்ல பட்டிருக்குது. உமாபதி மேல எந்தத் தப்பும் இல்ல," என்றார் மேடம்.

திருஞானசம்பந்தம் தலையை ஆட்டினார். சங்கீதா எல்லோர் எதிரிலும் உமாபதியிடம் போய், "தப்பு என்னுது சார். உங்க மேல பழி போட்டதும் நான்தான்," என்றாள், அவர் காலில் விழப் போனவளை அவரே தடுத்தார். வரதராஜனுக்கு மன்னிப்பு என்கிற வார்த்தை வாயில் வரவில்லை. "உள்ள வந்து உட்காருப்பா, ஏசி போட்டிருக்குது," என்றார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

என் பார்வை எல்லாம் இந்திராணி மேல். அவள் அப்பாவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். இன்னும் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், எல்லாம் முடிந்துவிடும். இரும்மா, இரு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

உமாபதி நேராக அவளிடம்தான் போனார். கையைக் கூப்பினார்.

"என்னை மன்னிச்சிடும்மா. உன்னைத் தப்பா நினைச்சிட்டேன். அக்கா இருக்கறப்ப தங்கச்சிக்குக் கல்யாணம், வயித்தெரிச்சல்ல பெரிய பொண்ணுதான் ஏதோ பண்ணியிருப்பாள்னு நேத்து என் வூட்டுக்காரிகிட்ட சொல்லிட்டேன். வாய் இல்ல இது, சாக்கடை. மனசுல வெச்சுக்காதம்மா."

இந்திராணி அந்தக் கூப்பிய கையையே பார்த்தாள். நான் மேடத்தின் முழங்கையைப் பிடித்தேன். மேடம் அசையவில்லை.

"நீங்க நினைச்சது சரிதாண்ணே," என்றாள்.

உமாபதி கூப்பிய கையை இறக்கினார்.

"கை தவறிப் படல. நான்தான் தொட்டேன். வயித்தெரிச்சல்லதான் தொட்டேன். உடனே வேண்டாம்னு மாத்திக்கினேன், அது கேக்கல. அத விடுங்க, அதுல பாதி ஆப்பு மேல. ஆனா உங்க சட்டையப் பிடிச்சாங்களே, அன்னிக்கு நான் இதே இடத்துலதான் நின்னுக்கினு இருந்தேன். நீங்க பண்ணலன்னு அங்க இருந்தவங்கள்ல எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். நான் வாய தொறக்கல. உங்களப் படியில உட்கார வெச்சாங்கன்னு கேட்டப்பவும் தொறக்கல. அத எந்த ஆப்பும் பண்ணல."

திருஞானசம்பந்தம் திரும்பிப் பெண்ணைப் பார்த்தார். "எதுக்கும்மா வயித்தெரிச்சல்?" என்று அவர் கேட்க, "நீங்க போன்ல சரின்னு சொன்னது எனக்குக் கேட்டுதுப்பா," என்றாள் அவள். அவர் பாயின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

தெருக்காரர்கள் யாரோ திட்ட ஆரம்பித்தார்கள். உமாபதி கையைக் காட்டி நிறுத்தினார். அவர் முகத்தில் கோபம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

"வேண்டாம்னுதானேம்மா அமுக்கின. அதுக்கு நான் உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டேன்," என்றார். "ஆனா என் பொண்ணு பள்ளிக்கூடம் போக மாட்டேன்னு கதவச் சாத்திக்கினு கிடக்குது. திருடன் பொண்ணுன்னு சொல்றாங்களாம். நான் பண்ணலன்னு நான் சொன்னா, அப்பா அப்படித்தானே சொல்லுவீங்கன்னு கேக்குது. நீ ஒரு தடவ வந்து அதுகிட்ட சொல்றியாம்மா?"

இந்திராணி சரியென்று தலையை மட்டும் ஆட்டினாள். உமாபதி படியிறங்கினார். வாசலில் கழற்றிவிட்டிருந்த செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் அவள் அவர் பின்னாலேயே நடந்தாள்.